நீலமா மஞ்சளா

மின்கத்தி சுடும் என்று ஊரில் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு தவறானது என்பதை, யார் மனம் புண்பட்டாலும் சரி, தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மின்கத்தி சுடாது. ஆபரேஷன் தியேட்டரில் அதைக் காட்டரி என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரும் தவறு. காட்டரி என்பது பழுக்கக் காய்ச்சிய கம்பி, மாட்டுக்கு வைக்கும் சூட்டுக்கோலின் படித்த தம்பி. இது வேறு சாதனம். இதன் முனைக்குத் தன் சொந்தச் சூடு என்று ஒன்றும் கிடையாது. முனையிலிருந்து மின்சாரம் உடம்புக்குள் இறங்குகிறது, உடம்பு வழிவிட மாட்டேன் என்று மல்லுக்கட்டுகிறது, அந்த மல்லுக்கட்டில் உடம்பு தானே சூடாகி, தானே வெந்து, தன் ரத்தத்தைத் தானே உறையவைத்துக்கொள்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் அடுப்பு சும்மா கிடக்கப் பாத்திரம் கொதிப்பதில்லையா, அந்த மாதிரி. பிறகு அந்த மின்சாரம் தொடையில் ஒட்டிய தகடு வழியாக, ஒன்றுமே நடக்காததுபோல, தான் புறப்பட்ட பெட்டிக்குத் திரும்பிவிடுகிறது. டாக்டர் ஆவுடையம்மாள் எம்.எஸ். வாய்மொழித் தேர்வில் சுடும் என்று சொன்னாள், தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு "அப்படியா?" என்றார். அன்றிலிருந்து அவள் இந்த உண்மையோடு வாழ்ந்துவருகிறாள். சுடுவது நாம்தான், கத்தி வெறும் சாக்கு. இந்த வரி அவளுக்குத் தலைக்குக் குளிக்கும்போது வரும், சிக்னலில் வண்டி நிற்கும்போது வரும், எவராவது எவரையாவது பற்றிக் குறை சொல்லும்போது கட்டாயம் வரும். இப்போதும் வந்தது. இப்போது அவளுடைய இடது கை ஆள்காட்டி விரல் தொம்மை மச்சாதுவின் கழுத்துக்குள் இருந்தது.

விரலுக்கு அடியில் நனைந்த சின்னத் துணித் துண்டு. துணிக்கு அடியில் ரத்தம் கசியும் ஒரு புள்ளி, கடுகைவிடச் சிறியது. புள்ளியை ஒட்டி, இடையில் ஒரு நெல்மணியைப் படுக்கப்போட இடமில்லை, வெந்த சேமியாபோல ஒரு வெள்ளை நரம்பு. கழுத்தின் வலதுபக்கம் வருஷக்கணக்காக வளர்ந்து கொய்யாக்காய் அளவுக்கு வந்திருந்த கழலையை அவள் வெகுநேரமாக மெல்ல மெல்லக் கழற்றி, கடைசிப் பிடிக்கு வந்திருந்தாள். அந்தக் கடைசிப் பிடியில்தான் நரம்பு குரல்வளைக்குள் நுழைகிறது. அந்தக் கடைசிப் பிடியில்தான் ரத்தக்குழாய்களும் வந்து நூல்கண்டு சிக்கியதுபோலக் கிடக்கின்றன. படைத்தவன் இந்த நரம்பை வரைந்த அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தானோ. மூளையிலிருந்து நேரே குரல்வளைக்கு வந்தால் வேலை முடிந்தது. இதுவோ கழுத்தைத் தாண்டிக் கீழே போய், ஒரு பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, எதையோ மறந்துவைத்துவிட்டு வந்தவள்போலத் திரும்ப மேலே ஏறுகிறது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகவேண்டிய பஸ் பாளையங்கோட்டையைப் பார்த்துவிட்டு வருவதுபோல. மேலே விளக்கு. காயத்தின் ஓரத்தில் தேங்கிய உப்புநீரில் அந்த விளக்கு துண்டு துண்டாக ஆடியது. உறிஞ்சும் குழாயை வைத்தால் நீர் வற்றி, எடுத்தால் மறுபடி மெல்ல ஊறி, அலை வருவதும் போவதுமாக ஒரு பாறைக்குழி. விரலின் பக்கவாட்டில் கழுத்துத் தமனி முட்டிக்கொண்டிருந்தது, படகுத்துறையில் கட்டிப்போட்ட வள்ளம் முட்டுவதுபோல, அவசரமில்லாமல், விடாமல். "நீலமா மேடம், மஞ்சளா?" என்றார் ரெஜினா சிஸ்டர். கருவிகளை எடுத்துக்கொடுப்பவர், நாசரேத்துக்காரர், கேள்வியைக்கூடக் கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டுகிறவர். "இருங்க சிஸ்டர்." "இருக்கேன் மேடம்." அழுத்திப் பிடித்துக் காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான், அதற்குப் பெட்டியோ பெடலோ வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும். பொறுமையாக இருக்கும்போது மனம் சும்மா இருக்குமா என்பதுதான் கேள்வி.

தொம்மை மச்சாது துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுபவர். முதல்தடவை மனைவி ஜெசிந்தாவோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "கட்டி இருந்துட்டுப் போட்டும்னுதான் டாக்டரம்மா இருந்தேன். இப்பம் படுத்தா மூச்சு முட்டுது. எடுக்கணும்னா எடுங்க. கொரலு மட்டும் போயிரக் கூடாது" என்றார். அவள் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னாள்: நரம்பு பக்கத்தில் இருக்கிறது, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் குரல் கம்மிவிடலாம். "அந்த ஒண்ணு ரெண்டு பேரு யாருன்னு முன்கூட்டித் தெரியுமா?" "தெரியாது." "அப்பம் எனக்கு அது நூத்துக்கு நூறுதான்" என்றார் தொம்மை, வருத்தமில்லாமல், விலை படியாத மீனைத் தள்ளிவைக்கிற குரலில். ஜெசிந்தா சொன்னார்: "கொரலு போனா வீட்டுல நிம்மதிதான் டாக்டரம்மா. சோத்துக்குத்தான் வழியில்ல." எப்படிக் கூறுவீர்கள் என்று அவள் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டாள். அவர் எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, மேசைமேல் இருந்த தெர்மாமீட்டர் டப்பாவை ஒரு பெட்டி சீலா மீன் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அறையின் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. குரல் தொண்டையிலிருந்து வருவதாக அவள் நினைத்திருந்தாள், படித்தும் இருந்தாள்; அன்றைக்கு அது கால் கட்டைவிரலிலிருந்து புறப்பட்டு வந்தது. வெளியே வரிசையில் இருந்த குழந்தைகள் அழுகையை நிறுத்தின. மூன்றாம் தரம் சொல்லப்போகும்போது அவள் நழுவிய மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்ய விரலைத் தூக்கினாள். "டாக்டரம்மா தூக்கிட்டாவ" என்றார் ஜெசிந்தா. "கண்ணாடியைத்தான்மா..." "அதெல்லாம் செல்லாது" என்றார் தொம்மை. "நா கூறுவேன், இவ விரலப் பாத்துக்கிடுவா. விரலு எழும்பிட்டுன்னா மீனு உங்களுது. கொசு அடிச்சேன், தலை சொறிஞ்சேன்னு சொல்லுததுக்கெல்லாம் எங்க துறையில எடமில்ல. ஓடிப்போனாலும் வீட்டுல கொண்டு எறக்கிருவோம். இன்னைக்கு மீனு கையில இல்ல, தப்பிச்சிய." அவர் போன பிறகு அறையில் அந்தக் குரலின் அளவுக்கு ஒரு காலியிடம் கொஞ்சநேரம் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலியிடம்தான் இப்போது இந்தத் துணித் துண்டுக்கு அடியில் இருக்கிறது. விரலை எடுத்தால் வெளியே வந்துவிடும்.

நீலமா மஞ்சளா. காலடியில் இரண்டு பெடல்: மஞ்சள் வெட்டுவதற்கு, நீலம் ரத்தத்தை உறையவைப்பதற்கு. அதனால் நீலம் சாது, மஞ்சள் முரடு என்று ஒரு நினைப்பு, பயம் வரும்போதெல்லாம் டாக்டர்கள் நீலத்தை மிதிக்கிறார்கள். முதலில் சொன்ன தவறையாவது படிக்காதவர்கள் செய்கிறார்கள். இது பட்டம் வாங்கியவர்களின் தவறு, ஆகவே இன்னும் பிடிவாதமானது. மஞ்சள் மிதித்தால் மின்சாரம் இடைவிடாமல், தணிந்த அழுத்தத்தில் ஓடும், நாள்முழுக்க ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருக்கும் அத்தையைப்போல, யாருக்கும் ஆபத்தில்லை. நீலம் பெரும்பாலும் மௌனம். நடுநடுவே ஒரு வெடிப்பு. ஆனால் அந்த வெடிப்பின் அழுத்தம் அத்தையினுடையதைவிடப் பல மடங்கு, கல்யாணவீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்து தாலி கட்டும் நேரத்தில் வாயைத் திறக்கும் மாமாவைப்போல. பொறி பறக்கும், கரியாகும், சூடு அக்கம்பக்கம் பரவும். தெளிக்கும் முறை என்று இன்னொன்று உண்டு, அது தொடாமலே தாவும், ஈரலின் பரந்த கசிவுக்கு நல்லது, இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பதே பாவம். ஆக, ரத்தக்குழாயின் வாயை மெல்லிய இடுக்கியால் கவ்வி, முனையை இடுக்கியோடு சேர்த்து வைத்து மஞ்சளை மிதித்தால், சத்தமில்லாமல் காய்ந்துவிடும். பெயர் வெட்டுவது, வேலை காயவைப்பது. "மஞ்சள்" என்றாள், கனவில் யாருக்கோ பதில் சொல்வதுபோல. ரெஜினா சிஸ்டர் இடுக்கியை நீட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலைத் தேடுவது ஆவுடையின் வழக்கம், கீழே குனிந்து பார்க்கமாட்டாள், கட்டைவிரலுக்குத் தெரியும். தொடுவதற்கு முன் காற்றில் ஒருமுறை மிதித்துப் பார்ப்பதும் வழக்கம். மிதித்தாள். பெட்டி பாடியது. மஞ்சளுக்கு உயர்ந்த சுருதி, நீலத்துக்குத் தாழ்ந்தது. வந்தது தாழ்ந்த சுருதி. அவள் காலை எடுத்துவிட்டாள். ரெஜினா குனிந்து பார்த்து, குனிந்தபடியே, "திரும்பிக் கெடக்கு மேடம்" என்றார். காலையில் முதல் ஆபரேஷன் முடிந்து தரை துடைத்தபோது பெடலைத் தூக்கியிருப்பார்கள், வைக்கும்போது தலைகீழாக வைத்திருப்பார்கள். "யாரு மாப் போட்டதுன்னு கேக்கேன் மேடம்." "யாரையும் கேக்க வேண்டாம். நேரா வைங்க." சிஸ்டர் அதைக் காலாலேயே திருப்பி வைத்தார். நீலம் வலப்பக்கம் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. விரல் அதே இடத்தில் இருந்தது, தமனி அதே நிதானத்தில் முட்டியது.

ஒன்றும் நடக்கவில்லை என்பதில் ஒரு சௌகரியமும் இல்லை. நடந்திருக்கக்கூடிய இன்னொரு காலைப்பொழுது அவளுக்குள் தனியாக நடந்துகொண்டிருந்தது: அந்தக் காலையில் அவள் காற்றில் மிதித்துப் பார்க்கவில்லை, இடுக்கியின் நுனியில் ஒரு பொறி, புகை, கருவாடு சுடும் வாசனை, வெள்ளைச் சேமியா ஒரு கணத்தில் பழுப்பாகிறது. பிறகு துறைமுகத்தில் தொம்மை மச்சாது வாயைத் திறக்கிறார், மீன் பெட்டிகளுக்கு மேல் காற்று மட்டும் போகிறது, ஜெசிந்தா யார் விரலையும் பார்க்க வேண்டியிராமல் நிற்கிறார். அப்பாவும் அப்படித்தான். இல்லை, அப்படியில்லை, அது வேறு. அப்பா திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போட்டுக்கொடுப்பவர். அடுத்தவர்களின் குரலை ஒரு துளையிலிருந்து பிடுங்கி இன்னொரு துளையில் செருகியே ஓய்வுபெற்றார். பக்கவாதம் வந்து எழுந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: சரி. ரசமா, மோரா? சரி. ஃபேன் போடவா, வேண்டாமா? சரி. கோபம் வந்தால் உரத்த சரி, பேத்தியைப் பார்த்தால் குழைந்த சரி, செய்தித்தாளில் யாரோ செத்திருந்தால் நீளமான, தலையாட்டும் சரி. அம்மாவுக்கு எல்லாச் சரியும் புரிந்தது, அல்லது புரிந்ததாக வைத்துக்கொண்டு ரசம் ஊற்றினாள். கடைசி வாரத்தில் ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். அப்பா அவளைப் பார்த்து, "சரி" என்றார். அது எந்தச் சரி? மருந்தைக் கூட்டினாள். கூட்டியிருக்க வேண்டாமோ. அது மூளையின் காரியம், இது நரம்பின் காரியம், அங்கே சொல் போனது, இங்கே போவதானால் சத்தம் போகும், இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது உடற்கூறியல்படி தவறு என்று அவள் தன்னைத் திருத்திக்கொண்டாள். திருத்தியது சரிதான். ஆனால் பயம் உடற்கூறியல் படித்துவிட்டு வருவதில்லை. வலிக்குதாப்பா, சரி. நீலமா மஞ்சளா, சரி. ஏசி இரைச்சலும், மூச்சு விடும் பெட்டியின் பெருமூச்சும், பச்சைத் துணிகளும், எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல அசைந்தன, அவள் விரல்நுனி ஒன்றுதான் தரையில் ஊன்றியிருந்தது.

"என்னம்மா ஆவுடை, விரலை அங்கேயே வச்சுத் தைச்சுடலாமா? வீட்டுல நான் சொல்லிக்கிறேன்." மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பீர்முகமது. காயல்பட்டினத்துக்காரர், அவளைவிட மூத்தவர், நோயாளியின் தலைமாட்டில் உயர்ந்த முக்காலியில் படகோட்டிபோல உட்கார்ந்திருந்தார். "யோசிக்கிறேன் சார்." "யோசி, யோசி. எனக்கு அவசரமில்ல. மச்சாதும் நிம்மதியாத் தூங்குறார். கனவுல சீலா வித்துக்கிட்டு இருப்பார்." "இந்த மயக்கத்துல கனவு வராது சார்." "யாரு போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா?" ரெஜினா சிஸ்டர் முகமூடிக்குள் சிரித்தார், கண்ணோரம் மட்டும் தெரிந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டதால் அவள் யோசிக்கத் தொடங்கினாள். பெடல் நேரானாலும் மஞ்சள் வேண்டாம். இந்த ஒற்றைமுனை மின்கத்தியின் மின்சாரம் தொடைத் தகடுவரை போயாக வேண்டும். போகிற வழியை அதுதான் தேர்ந்தெடுக்கும், நாம் இல்லை. அதற்கு ஈரமான ஒற்றையடிப்பாதை பிடிக்கும், இங்கே ஈரமான ஒற்றையடிப்பாதை என்பது நரம்பு. கம்பெனிக்காரர் ஒருவர் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்த அதிர்வுக் கத்தரி தட்டின் ஓரத்தில் புத்தம்புதிதாகக் கிடந்தது. அதில் மின்சாரமே உடம்புக்குள் போகாது, ஆகவே பயமே இல்லை என்றார் அவர், டையைத் தடவிக்கொண்டு. மின்சாரம் போகாது, உண்மை. ஆனால் வெட்டி முடித்த பிறகும் அதன் தாடை கொஞ்சநேரம் கொதித்துக்கொண்டிருக்கும், வாய் ஓய்ந்தும் ஆத்திரம் ஓயாத மனுஷனைப்போல. சுடும் என்று பேர் வாங்கிய கத்தி சுடாது, சுடாது என்று பேர் வாங்கிய இது சுடும். உலோகக் கிளிப் போடலாம், பிடி கிடைக்காது, நழுவினால் நரம்பைக் கவ்வும். நூலால் கட்டலாம். நூல் என்றதும் காலையில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன குற்றாலலிங்கம் நினைவுக்கு வந்தார், கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், பாளையங்கோட்டை, சுத்த சைவம், முட்டை போட்ட கேக் இருந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். மரத்துப்போக இடுப்பில் ஊசி போடப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், தையல் நூலு ஆட்டுக்குடல்லதான் பண்ணுவாங்களாமே?" என்றார். "அது பழைய கதை சார். உங்களுக்குப் போடுறது பிளாஸ்டிக்." அவர் கொஞ்சம் ஆலோசித்து, "பிளாஸ்டிக் சைவம்தானே?" என்று கேட்டார். சைவம்தான் என்று அவள் உறுதி கொடுத்தாள். டாக்டர் பீர்முகமது அவருக்கு ஊசியோடு கொஞ்சம் தூக்கமருந்தும் சேர்த்தே கொடுத்தார், இல்லாவிட்டால் அடுத்து கையுறை எதில் செய்தது என்று கேட்பார் என்று. நூல் கட்டுவதானால் முடிச்சை இறுக்கும்போது இழுபடும். இழுபட்டாலே நரம்புக்குப் போதும், வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தபோது மிஞ்சியது இரட்டைமுனை இடுக்கி, தியேட்டரில் பைபோலார் என்பார்கள். அதன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மட்டும் மின்சாரம் போகும், நடுவில் எதைப் பிடித்திருக்கிறோமோ அதோடு சரி, தொடை வேண்டாம், தகடு வேண்டாம், ஊர் சுற்ற வேண்டாம். இதை அவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம், ரெஜினா சிஸ்டர் முதலிலேயே எடுத்தும் வைத்திருந்தார், தட்டில் நீலத் துணிமேல் நுனி மூடியபடி அது காத்திருந்தது. அதற்கும் குறை உண்டு. நுனியில் கரி பிடித்தால் உறைந்த ரத்தம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும், எடுக்கும்போது பிய்த்துவிடும், முன்னைவிட மோசமாகும். சூடும் கொஞ்சதூரம் நடக்கத்தான் செய்யும். குறை இல்லாத கருவி என்று ஒன்றுமில்லை, விரலைத் தவிர. விரலுக்கு இருக்கும் ஒரே குறை எப்போதாவது எடுத்தாக வேண்டும் என்பது. "பைபோலார் குடுங்க சிஸ்டர், சின்ன நுனி. குறைச்சு வைங்க. இன்னும் குறைங்க. தண்ணி சொட்டு விட்டுக்கிட்டே இருங்க." அவள் விரலை எடுத்தாள். துணியை, ஈரக் காகிதத்திலிருந்து தபால்தலையைப் பிரிப்பதுபோல, ஓரத்திலிருந்து உரித்தாள். ஒரு கணம் எதுவுமில்லை. வெளுத்த சதை, வெள்ளை நரம்பு, நரம்பின்மேல் கோலமாவுக் கோட்டைவிட மெல்லிய சிவப்புக் கோடு. நின்றுவிட்டது என்று நினைத்தாள், நினைத்ததுமே புள்ளி கண் திறந்தது. மெதுவாக, தூக்கம் கலைந்த கண்போல. தண்ணீர் சொட்டியது. இடுக்கியின் இரு கால்களுக்கு நடுவில் புள்ளி மட்டும், நரம்பு வெளியே, மறுபடி பார்த்தாள், நரம்பு வெளியே. பைபோலாருக்குத் தனிப் பெடல். காற்றில் ஒருமுறை மிதித்தாள், சரியான சுருதி. பிறகு தொட்டாள். மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு. தண்ணீர் சிறுசிறு குமிழாகக் கொதித்தது. சதை ஒரு அரிசியளவு வெளுத்தது. இடுக்கியை விரித்து எடுத்தாள், ஒட்டவில்லை. காத்திருந்தாள். புள்ளி மறுபடி கண் திறக்கவில்லை. நரம்பு வெள்ளையாகவே கிடந்தது. ஆனால் வெள்ளையாக இருப்பது உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாகாது, சூடு பட்ட நரம்பும் முதலில் அப்படித்தான் இருக்கும், பேசினால்தான் தெரியும். அதைக் கேட்டுச் சொல்லும் மின்பெட்டி ஒன்று பெரிய ஊர்களில் இருக்கிறது, இங்கே இல்லை. கழலையின் கடைசி ஒட்டை அவள் கத்தரியால், வெறும் இரும்புக் கத்தரியால், துளித்துளியாக வெட்டி எடுத்து ரெஜினாவின் கிண்ணத்தில் போட்டாள். "கொய்யாக்கா" என்றார் பீர்.

தைத்து முடித்து, மருந்தைக் குறைத்து, மூச்சுக்குழாயை உருவியபோது தொம்மை மச்சாது இருமினார். இருமல் கணக்கில் சேராது. "பேரு சொல்லுங்க மச்சாது" என்றார் பீர். உதடு அசைந்தது, சத்தமில்லை. "தூக்கம்தான்" என்றார் அவளைப் பார்க்காமல். தள்ளுகட்டிலை மயக்கம் தெளியும் அறைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். கையுறையைக் கழற்றாமலே ஆவுடை பின்னால் நடந்தாள், நடக்கும்போது தரை கொஞ்சம் மிதந்தது, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறை படத்தில் இருந்த கைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன. முதல் கட்டிலில் குற்றாலலிங்கம் இடுப்புக்குக் கீழே இன்னும் தான் இல்லாமல், முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு, கண்ணை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொம்மையை நிறுத்தினார்கள். "ஏதாவது பேசுங்க" என்றாள் ஆவுடை. "மச்சாது, கேக்குதா? ஒரு வார்த்தை." மூடிய இமைக்குள் கருவிழி அலைந்தது. "ஒரு வார்த்தை பேசுங்க." காற்று வந்தது, வெறும் காற்று. அவள் அந்த இன்னொரு காலையின் வாசலில் நின்றாள். கதவருகே காத்திருந்த ஜெசிந்தாவை உள்ளே விட்டது யார் என்று தெரியவில்லை, அவர் நேரே வந்து, குனிந்து, கணவன் காதில், வீட்டு விஷயம் சொல்வதுபோல, "ஏங்க, போட்டு கரைக்கு வந்துட்டு. சீலா நிக்கிது. கூறுங்க" என்றார். தொம்மையின் கால் கட்டைவிரல் போர்வைக்கு அடியில் நிமிர்ந்தது. முதலில் ஒரு கரகரப்பு, துருப்பிடித்த கேட் திறப்பதுபோல. பிறகு, "சீலா" என்றது குரல். "ஒரு பெட்டி சீலா. ஒரு தரம்." அறையில் குளுக்கோஸ் பாட்டில்கள் கம்பியில் மெல்ல மோதிக்கொண்டன. பீர் கதவுக்கு வெளியே நின்று கையிலிருந்த தொப்பியை மடித்தார், பிரித்தார். "ரெண்டு தரம்." பக்கத்துக் கட்டிலில் குற்றாலலிங்கம் கண்ணைத் திறக்காமல், ஏதோ இன்பமான கூட்டத்தில் இருப்பவர்போல, வலது கையை உயர்த்தி ஒரு விரலை நீட்டினார். ஜெசிந்தா திரும்பி அந்த விரலைப் பார்த்தார். "மூணு தரம்" என்று தொம்மை கண்ணை மூடியபடியே முடித்து, உடனே தூங்கிப்போனார். "சரி" என்றாள் ஆவுடை. யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள், இடது ஆள்காட்டி விரலின் நுனி, நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல, வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை காலை, பாளையங்கோட்டையில் குற்றாலலிங்கத்தின் வீட்டு வாசலில், சாணம் தெளித்துப் போட்ட கோலத்தை மிதிக்காமல், ஐஸ் நிரப்பிய ஒரு பெட்டி சீலா மீனை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.